படத்தில் விழுந்த கோடு

நாஞ்சில் நாட்டிலே பழைய வீடு ஒன்றைப் பிரித்துக் கட்டும்போது, நெற்பத்தாயத்தின் பின்னாலிருந்தோ பரண்மேலிருந்தோ ஒரு பிஸ்கட் டப்பா வெளிப்படுவது உண்டு. அதற்குள்ளே பத்திரங்கள் இருக்கும். தீர்வை கட்டிய ரசீதுகள் இருக்கும். அவற்றின் அடியிலே, மங்கிய காகித உறைகளில், சுருண்டு கிடக்கும் பிலிம் துண்டுகளும் இருக்கும். பத்திரங்களை வக்கீலிடம் காட்டி விவரம் கேட்கிறோம். ரசீதுகளைக் கட்டி வைக்கிறோம். பிலிம் துண்டுகளை மட்டும் வெளிச்சத்திலே ஒரு தடவை தூக்கிப் பார்த்து, தலைமயிர் வெள்ளையாகவும் முகம் கறுப்பாகவும் தெரிவதைக் கண்டு சிரித்துவிட்டு, மறுபடியும் டப்பாவிலேயே போட்டுவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா அகப்பட்டது. பள்ளி ஆசிரியராயிருந்த என் பெரியப்பா ஒரு பெட்டிக் காமிரா வைத்திருந்தார். அவர் எடுத்த படங்களின் நெகடிவ்கள் ஏறக்குறைய அறுபது அதிலே இருந்தன. ஓர் உறையின்மேல், ‘1961, சித்திரா பௌர்ணமி, குமரி’ என்று பென்சிலால் எழுதியிருந்தார். சித்திரா பௌர்ணமியன்று மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே சந்திரன் எழுவதையும் ஒரே இடத்தில் நின்று காணலாம் என்று மக்கள் குமரி முனைக்குத் திரண்டு போவது இன்றும் வழக்கம். அந்த ஆண்டிலே எங்கள் குடும்பமும் போயிருக்கிறது. நெகடிவிலே இரண்டு பெண்கள் கடற்கரையில் நிற்கிறார்கள். பின்னாலே கடல், கடலிலே பாறை. பாறைமேல் மண்டபம் இல்லை. விவேகானந்தர் மண்டபம் 1970-ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது.

நிற்கிற இருவரில் ஒருவர் என் அத்தை. இப்போது எண்பது வயதைத் தாண்டியவர். மற்றவர் அத்தையின் தாயார், என் ஆச்சி. ஆச்சிக்கு வேறு படமே கிடையாது. சுவரிலே மாட்டியிருந்த ஒரு படத்தைக் கறையான் தின்றுவிட்டது என்று சொல்லுவார்கள். டப்பா அகப்பட்ட செய்தி கேட்டவுடன் அத்தை, “அம்மைக்க முகத்த ஒருக்கா பாத்தாப் போரும் மக்கா” என்றார்கள். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? பிலிமைப் படிக்கக்கூடிய தட்டை ஸ்கேனர் ஒன்றை ஒருவர் உபயோகித்து விட்டிருந்த நிலையில் விலைக்கு வாங்கினேன். அந்த யந்திரத்தோடு நான் பட்ட பாடுதான் இன்றைய பேச்சுக்கு விஷயம்.

பிலிமைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். பெரியப்பா உபயோகித்தது 120 என்ற எண்ணுள்ள சுருள் பிலிம். கோடக் கம்பெனியார் தங்கள் பிரௌனிக் காமிரா ஒன்றுக்காக 1901-இலே கொண்டுவந்த அளவு அது. அகலம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். காமிராவின் அமைப்பைப் பொறுத்து ஒரு சுருளிலே 8 நீள்சதுரப் படமோ, 12 சதுரப் படமோ, 16 சிறு படமோ எடுக்கலாம். பரோடாவில் செய்யப்பட்டு நம் நாடு முழுவதும் பரவிய ஆக்பா கிளிக் மூன்று என்ற காமிரா பலருக்கு நினைவிருக்கும். அது 12 சதுரப் படம் எடுப்பது. உதகையிலே 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரோடு நம் நாட்டுப் பிலிமையே விற்றது. ஆலையும் இப்போது மூடப்பட்டுவிட்டது; நெகடிவ்கள் மாத்திரம் வீடுகளிலே இருக்கின்றன.

இந்தப் பிலிமுக்கு ஒரு சிறப்பு உண்டு. பின்னாளிலே எல்லோரும் உபயோகித்த 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு படத்தைவிட, பெட்டிக் காமிராவின் நீள்சதுரப் படம் பரப்பிலே ஐந்து மடங்குக்கும் அதிகம். ஆகையால், விலையுயர்ந்த தனிக் கருவிகள் இல்லாமலே, மேஜைமேல் வைக்கும் சாதாரண ஸ்கேனரால் இதிலிருந்து நல்ல படம் எடுக்க முடியும். ஆனால் எல்லா ஸ்கேனரும் இதற்கு உதவா. காகிதத்தைப் படிக்கும்போது ஒளி காகிதத்தின்மேல் பட்டுத் திரும்பி வருகிறது. பிலிமிலேயோ ஒளி ஊடுருவிச் செல்ல வேண்டும். எனவே மூடியினுள்ளேயும் விளக்குள்ள யந்திரம் வேண்டும். எப்ஸன் வி 600, வி 700, வி 850, கானன் 9000 எப் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

யந்திரத்தின் உள்ளே நடப்பது என்ன என்பது தெரிந்தால் கோளாறு எங்கே என்பதும் தானே தெரியும். கண்ணாடித் தளத்துக்குக் கீழே ஒரு சிறு வண்டி தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மெல்ல நகர்கிறது. மேலிருந்து வரும் ஒளியை அது லென்ஸ் ஒன்றின் வழியாக ஒரு பட்டையின்மேல் விழச் செய்கிறது. அந்தப் பட்டையிலே ஒளியை உணரும் கண்கள் ஆயிரக்கணக்கில் ஒரே வரிசையாக அமைந்திருக்கின்றன. வண்டி நகர நகர, ஒவ்வொரு கண்ணும் தனக்கு நேரான இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போகிறது. வடசேரியிலே தறி பார்த்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு கண்ணும் ஒரு பாவு நூல். பாவிலே ஒரு நூல் நிறம் மாறியிருந்தால் சேலையிலே என்ன ஆகும்? தலைப்பிலிருந்து கடைசி வரையில் நெடுகக் கோடு விழும் அல்லவா?

இன்னொன்று. ஆயிரக்கணக்கான கண்களும் ஒரே கூர்மையுடையன அல்ல. சில மந்தமாயிருக்கும். மூடியின் விளக்கும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக எரிவதில்லை. ஆகையால் யந்திரம் ஒவ்வொரு தடவையும் வேலையைத் தொடங்குமுன் தன் கண்களைச் சரிபார்த்துக் கொள்கிறது. பிலிமைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் தலைப்பக்கத்திலே ஒரு வெற்றுச் சன்னல் விட்டிருக்கிறார்கள். பிலிம் எதுவும் இல்லாத அந்தச் சன்னல் வழியாக வெறும் விளக்கொளியைப் பார்த்து, எந்தக் கண்ணுக்கு எவ்வளவு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கொள்கிறது. பிலிம் துண்டு நீளமாயிருக்கிறதே என்று அந்தச் சன்னலையும் மறைத்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி வைத்தால் படம் முழுவதுமே நிறம் கெட்டு வரும்; சில யந்திரங்கள் வேலை செய்யவே மறுத்துவிடும்.

இனி என் கதைக்கு வருகிறேன். முதல் நாள் படம் கரியாக வந்தது. காரணம் அற்பமானது. காகிதத்தைப் படிப்பதற்காக மூடியின் உட்புறத்திலே ஒரு வெள்ளைப் பலகை செருகியிருப்பார்கள். பிலிம் வைக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் மேல்விளக்கின் ஒளி கீழே இறங்காது. கழற்றினேன். இரண்டாவது படத்திலே கடல் தெரிந்தது, பாறை தெரிந்தது, ஆச்சியும் அத்தையும் தெரிந்தார்கள். கூடவே, படத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரையில், மயிரிழை போன்ற ஒரு கறுப்புக் கோடும் தெரிந்தது. அது வேறெங்காவது போயிருக்கக் கூடாதா? அத்தையின் நெற்றியிலே தொடங்கி, ஆச்சியின் இரண்டு கண்களையும் ஊடுருவிக்கொண்டு சென்றது.

பிலிமிலே கீறல் விழுந்துவிட்டது என்றே தீர்மானித்தேன். அப்படித் தீர்மானித்ததற்கு நியாயமும் இருந்தது. காமிராவுக்குள்ளே பிலிம் உருளைகளின்மேல் ஓடுகிறது. உருளையிலே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் பிலிமின் நீளவாட்டத்திலே நேர்கோடாகக் கீறிவிடும். குமரிக் கடற்கரை மணலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மேலும், நெகடிவின் ஒரு மூலையிலே பூசணம் படர்ந்திருந்தது. மரத்தின் வேர்போலக் கிளைத்துக் கிளைத்துப் பரவும் அந்த வெண்மையான பூசணத்தை நம் பக்கத்திலே பழைய படம் வைத்திருக்கிற யாரும் அறிவார்கள்.

பழக்கமுள்ள ஒருவரிடம் யோசனை கேட்டேன். முன்பு ஸ்டூடியோ வைத்திருந்தவர், நல்ல மனிதர். “தண்ணீரிலே ஊறவைத்துப் பஞ்சால் மெல்லத் துடைத்து உலர்த்தினால் கீறலும் அடங்கும், பூசணமும் போகும்” என்றார். நல்ல நிலையிலுள்ள பிலிமுக்கு அவர் சொன்னது பொருந்தும். படம் பதிந்திருக்கும் ஜெலாட்டின் பூச்சு நீரிலே சற்று உப்பி உலரும்போது மெல்லிய கீறல்கள் தணிவது உண்டு. பூசணம் பிடித்த பிலிமின் சங்கதி வேறு. பூசணத்துக்கு அந்த ஜெலாட்டினே உணவு. அது தின்று செரித்த இடத்திலே ஜெலாட்டின் நீரில் கரையும் தன்மையை அடைந்துவிடுகிறது. தண்ணீரிலே இட்டால் பூசணத்தோடு படமும் சேர்ந்து கழுவிக்கொண்டு போய்விடும். இதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று ஒரு தட்டிலே தண்ணீரை நிரப்பி மேஜைமேல் வைத்தாயிற்று. மின்சாரம் நின்றுபோனதால் வேலை மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. மின்வெட்டுக்கு நான் நன்றி பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையிலே, தண்ணீரைத் தொடுமுன், அவசரத்திலே பிலிமைத் தலைகீழாக மாற்றிச் சட்டத்திலே வைத்து மீண்டும் ஒரு படம் எடுத்தேன். கால்மாட்டிலிருந்த முனை தலைமாட்டுக்கு வந்துவிட்டது. படத்தைக் கணினியிலே நேராகத் திருப்பிப் பார்த்தேன். ஆச்சியின் முகத்திலே கோடு இல்லை! கோடு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருந்தது. இருவருடைய பாதங்களுக்கும் அருகே, மணலின்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

இதன் பொருளை நினைத்துப் பாருங்கள். கோடு பிலிமிலே இருந்திருந்தால், பிலிமை எப்படித் திருப்பினாலும் அது ஆச்சியின் கண்களை விட்டு நீங்கியிருக்காது. பிலிம் திரும்பியும் கோடு யந்திரத்திலே தன் பழைய இடத்திலேயே நின்றது. ஆகவே குற்றம் பிலிமிலே இல்லை. அந்த நிமிஷம் முதல், எந்தக் கோளாறு தோன்றினாலும் முதலில் பிலிமைத் திருப்பி வைத்து ஒரு படம் எடுத்துவிடுவேன். பிலிமோடு சேர்ந்து திரும்புவது பிலிமின் குறை. திரும்பாமல் நிற்பது யந்திரத்தின் குறை. இதற்குக் காசு செலவில்லை. ஐந்து நிமிஷம் போதும். ஆனால் கோடு நட்டநடுவே ஓடினால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். நடுவைத் திருப்பினாலும் நடுவேதான் நிற்கும். அப்போது பிலிமைப் பக்கவாட்டிலே சிறிது நகர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

கோடு எங்கிருந்து வந்தது? பிலிமின்மேலோ, பிலிமுக்குக் கீழேயுள்ள கண்ணாடியிலோ ஒரு தூசி கிடந்தால், படத்திலே ஒரு புள்ளி விழும், கோடு விழாது. வண்டி அந்த இடத்தைக் கடந்தவுடன் தூசி பின்தங்கிவிடுகிறது அல்லவா? நெடுகக் கோடு விழ வேண்டுமானால், வேலை தொடங்குமுன்னரே ஒரு கண் ஏமாந்திருக்க வேண்டும். சரிபார்க்கும் சன்னலுக்கு நேரே கண்ணாடியிலே பார்த்தேன். கடுகிலே கால்பங்குகூட இல்லாத ஒரு துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கொளியை அது மறைத்ததால், தனக்கு நேரான கண் மந்தமானது என்று யந்திரம் கணக்கிட்டுவிட்டது. அந்தக் கண்ணுக்கு மட்டும் நெடுகிலும் ஒளியைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தது. நெகடிவிலே கூடுதல் வெளிச்சமாகப் பதிந்த வரி, நேர்ப்படமாக மாற்றியபோது கறுப்புக் கோடாயிற்று. மென்மையான துணியிலே கண்ணாடி துடைக்கும் திரவத்தைச் சிறிது நனைத்துத் துடைத்தேன். திரவத்தைக் கண்ணாடியின்மேல் நேரே ஊற்றக் கூடாது. ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கி, துடைக்க முடியாத அடிப்புறத்திலே கறையாக நின்றுவிடும். கோடு போயிற்று. தட்டிலிருந்த தண்ணீரை முற்றத்துத் துளசிக்கு ஊற்றினேன்.

இத்தோடு தொல்லை தீர்ந்தது என்று எண்ணினேன். அடுத்த தடவை கடலின்மேல் வளையங்கள் தோன்றின. குளத்திலே கல்லெறிந்தாற்போல, ஒன்றுக்குள் ஒன்றாக வெளிச்சமும் நிழலுமாகச் சுற்றுக்கள். வண்ணப் பிலிமாயிருந்தால் மயில் கழுத்துபோல நிறங்களும் தெரியும். இவற்றுக்கு நியூட்டன் வளையங்கள் என்று பெயர். பிலிமும் கண்ணாடியும் ஏறக்குறைய ஒட்டி, இடையிலே மிக மெல்லிய காற்றுப்படலம் மட்டும் நிற்கும்போது, மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஓரிடத்திலே ஒன்றையொன்று வலுப்படுத்தி, ஓரிடத்திலே ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் தோன்றுபவை. மழைநீர்மேல் மிதக்கும் எண்ணெயிலே தெரியும் வண்ணமும் இதே இனந்தான். நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலே இவற்றை அளந்து எழுதியிருக்கிறார்.

பூசணத்துக்கும் வளையத்துக்கும் வேறுபாடு காண்பது எளிது. பூசணம் எத்தனை தடவை எடுத்தாலும் அதே உருவத்திலே, பிலிமின் அதே மூலையிலே நிற்கும். வளையமோ, பிலிமை எடுத்து வைத்தவுடன் உருவம் மாறிவிடும். எனக்கு ஏன் தோன்றியது என்றால், அகலமான அந்தப் பிலிம் சட்டத்தின் நடுவிலே தொய்ந்து கண்ணாடியைத் தொட்டுவிட்டது. ஆனி, ஆடிச் சாரலிலே நம் பக்கத்துக் காற்றிலே உள்ள ஈரத்தால் ஜெலாட்டின் உப்பித் தளர்கிறது, தொய்வு அதிகமாகிறது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பயிருக்கு நல்லது, பிலிமுக்குக் கெடுதி. கும்பப்பூ அறுவடை முடிந்து வெயில் காயும் மாசி, பங்குனி மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை என்பது என் அபிப்பிராயம்.

வளையத்தைப் போக்க வழி இரண்டு. சொரசொரப்பாக்கிய விசேஷக் கண்ணாடித் தகட்டைப் பிலிமின்மேல் வைத்துத் தொய்வை நிமிர்த்துவது ஒன்று. அது கைவசம் இல்லாதவர்கள் பிலிமைப் புரட்டி வைக்கலாம். பிலிமின் ஒரு பக்கம் வழவழப்பானது. படம் பதிந்த பக்கம் சற்று மங்கலானது. வழவழப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால்தான் வளையம் தெளிவாகத் தோன்றும். மங்கலான பக்கம் தொட்டால் பெரும்பாலும் தோன்றாது. நான் புரட்டி வைத்தேன். வளையம் போயிற்று. ஆனால் புரட்டியதிலே ஒரு பிழையும் செய்துவிட்டேன். அதைக் கடைசியிலே சொல்லுகிறேன்.

படம் தெளிவில்லாமல் மங்கலாக இருப்பது அடுத்த குறை. எல்லாவற்றிலும் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மேஜை ஸ்கேனர்களிலே பெரும்பாலானவற்றின் லென்ஸ் காமிரா லென்ஸ்போல முன்னும் பின்னும் நகர்வதில்லை. கண்ணாடிக்கு மேலே ஏதோ ஓர் உயரத்திலே மட்டும் கூர்மையாகப் பார்க்கும்படி நிலையாக வைத்திருக்கிறார்கள். பிலிம் அந்த உயரத்திலே நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஆச்சியின் கண்ணிமை மங்கிவிடும். வி 700 போன்ற சிலவற்றிலே சட்டத்தின் உயரத்தை மாற்றச் சிறு கால்கள் கொடுத்திருக்கிறார்கள். இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. நாம் எழுதும் சாதாரண வெள்ளைத்தாள் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் உடையது. தாளைக் கீற்றுக்களாக வெட்டி, முதலில் ஒன்றும் வைக்காமல் ஒரு படம், பிறகு சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஐந்தைந்து கீற்று வைத்து ஒரு படம், பத்துப்பத்து வைத்து ஒரு படம் என்று எடுத்து, ஒரே இடத்தைப் பெரிதாக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். எது கூர்மையோ அதுவே உங்கள் யந்திரத்தின் உயரம். என் யந்திரத்துக்கு ஏழு தாள் தேவைப்பட்டது. வேறொன்றுக்கு மூன்று போதும்; ஒன்றுமே வேண்டாமலும் இருக்கலாம். தூக்கத் தூக்க மங்கலாகிக் கொண்டே போனால், சட்டத்தின் உயரமே அதிகம் என்று அறியலாம்.

உயரம் சரியாயிருந்தும், படத்தின் நடு கூர்மையாகவும் ஓரம் மங்கலாகவும் வந்தால், பிலிம் வளைந்திருக்கிறது. அறுபது வருஷம் டப்பாவிலே சுருண்டு கிடந்ததை ஐந்து நிமிஷத்திலே நிமிர்த்த முடியாது. சுத்தமான காகித உறையிலே இட்டு, கனமான புத்தகங்களுக்கு நடுவே ஒரு வாரம், பத்து நாள் வைக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தப் பார்ப்பதும், நெருப்பருகே காட்டுவதும் கூடவே கூடா. பழைய ஜெலாட்டின் வெடித்துவிடும்.

யந்திரத்தின் பெட்டிமேல் அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது பட்டையிலுள்ள கண்களின் நெருக்கம்; லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய நுட்பம் அன்று. வீட்டு ஸ்கேனர்களிலே உண்மையான நுட்பம் 2000 புள்ளியை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கிறது. பெரியப்பாவின் படம் 56-க்கு 84 மில்லிமீட்டர். 2400 புள்ளியிலே எடுத்தால் ஏறக்குறைய 4 கோடியே 20 லட்சம் புள்ளிகள். சுவரிலே மாட்டும் அளவுக்குத் தாராளம். 6400-இலே எடுத்தால் கிட்டத்தட்ட 30 கோடி புள்ளிகள். கணினி திணறும், யந்திரம் நெடுநேரம் உழைக்கும், முகத்திலே புதிதாக ஒன்றும் தெரியாது. நான் ஓர் இரவு முழுவதும் வீணாக்கிக் கற்ற பாடம் இது.

இன்னொரு வசதி, வசதியாகத் தோன்றி நம்மைக் கெடுப்பது. தூசியையும் கீறலையும் தானே அழித்துவிடும் ‘டிஜிட்டல் ஐஸ்’ என்ற ஏற்பாடு சில யந்திரங்களிலே உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பிலிமின் ஊடே செலுத்துகிறார்கள். வண்ணப் பிலிமின் சாயங்கள் அந்த ஒளியைத் தடுப்பதில்லை, தூசி தடுக்கிறது. எனவே தடுக்கும் இடமெல்லாம் தூசி என்று யந்திரம் கண்டுகொள்கிறது. ஆனால் பழைய கறுப்பு வெள்ளைப் படம் சாயத்தால் ஆனது அன்று; வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பையும் தடுத்துவிடும். அப்போது யந்திரம் ஆச்சியின் சேலைக்கரையையே தூசி என்று எண்ணி அழிக்கப் புறப்படும். கறுப்பு வெள்ளை நெகடிவுக்கு அதை நிறுத்தி வையுங்கள். அதுபோலவே, எங்கே படம் தொடங்கி எங்கே முடிகிறது என்று தானே கண்டுபிடிக்கும் ஏற்பாடும் பெட்டிக் காமிராப் படங்களிலே தடுமாறும். பெரியப்பா சில சமயம் பிலிமைச் சரியாகச் சுற்றாததால், இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அவற்றை நாமே கோடிட்டுக் காட்டுவதுதான் நல்லது.

தூசிக்கு என்ன செய்வது? ரப்பர்க் குமிழால் ஊதுங்கள்; வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். வேட்டித் தலைப்பால் துடைக்கும் பழக்கம் அறவே ஆகாது. தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்திவிட்டு உட்கார வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தலிலே காற்றாலைகளைச் சுழற்றுகிற பருவத்திலே, எங்கள் வீட்டில் சன்னலைச் சாத்தினாலும் மேஜைமேல் விரலால் பெயர் எழுதலாம்.

யந்திரம் தொடங்கும்போதே ‘கரகர’ என்று ஓலமிட்டால், வண்டியை நகராமல் நிறுத்தும் பயணப் பூட்டு சிலவற்றிலே உண்டு. அது விடுபட்டிருக்கிறதா என்று அடியிலே பாருங்கள். பழைய யந்திரத்தைப் புதிய கணினி அறிந்துகொள்ளாவிட்டால், வியூஸ்கேன் போன்ற பொதுவான மென்பொருள்கள் பலவற்றுக்கு உயிர் கொடுத்துவிடும்.

யந்திரத்தால் தீராத குறையும் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துப் பிலிம்களின் அடித்தளம் பெரும்பாலும் அசிடேட் என்ற பொருள். வெப்பத்திலும் ஈரத்திலும் அது மெல்லச் சிதைந்து காடி நாற்றம் வீசத் தொடங்கும். பிலிம் சுருங்கும்; பூச்சு கொப்புளித்து உரியும். ஒரு துண்டிலே தொடங்கியது, ஒரே டப்பாவில் இருக்கும் மற்றவற்றையும் விரைவுபடுத்தும். டப்பாவைத் திறந்தவுடன் மூக்கால் சோதித்து, நாற்றமடிப்பதைத் தனியே பிரித்து, முதலில் அதையே படமெடுத்துவிட வேண்டும். படமெடுத்த பிறகும் நெகடிவை எறியக் கூடாது. காகித உறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வீட்டிலே உலர்ந்த, வெயில் படாத இடத்திலே வையுங்கள்.

எத்தனையோ ஸ்டூடியோக்களின் கண்ணாடித் தகடுகளும் நெகடிவ்களும் அவற்றிலுள்ள வெள்ளிக்காக விலைபோய்விட்டன. எஞ்சியவற்றிலே ஒரு பகுதியை, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டு ஊர்களிலே தேடிப் படியெடுத்திருக்கிறார்கள். ஸ்டூடியோக்களிலே கிடைப்பதை அவ்வாறு தேடலாம். பத்தாயத்தின் பின்னாலே கிடக்கும் டப்பாவை வீட்டுக்காரர்தானே திறக்க வேண்டும்?

கடைசியிலே படம் ஆயத்தமாயிற்று. பெரிய அளவிலே அச்சிட்டு அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். பேச்சே இல்லை. பிறகு விரலைப் பாறைகளின்மேல் வைத்து, “இது எந்தக் கடலு மக்கா? சின்னப் பாறை இந்தப் பக்கமா கெடக்கு?” என்று கேட்டார்கள். குமரிக் கரையிலே நின்று பார்ப்பவருக்குப் பெரிய பாறை இடப்புறமும், 2000-ஆம் ஆண்டு முதல் வள்ளுவர் சிலை நிற்கும் சின்னப் பாறை வலப்புறமும் தெரியும். படத்திலே சின்னப் பாறை இடப்புறம் இருந்தது. வளையத்தைப் போக்குவதற்காகப் பிலிமைப் புரட்டி வைத்தேன் அல்லவா? கணினியிலே படத்தை மறுபடியும் இடவலமாகப் புரட்டவேண்டும் என்பதை மறந்துவிட்டேன். ஆச்சியின் முகம் இடம் வலமாக மாறிக் கிடந்ததை நான் அறியவில்லை. நான் ஆச்சியைக் கண்டவன் இல்லையே.

அன்று மாலையே சரிசெய்து வேறு படம் அச்சிட்டுக் கொடுத்தேன். அது அத்தையின் கட்டிலுக்கு நேரே, சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி, மாட்டியிருக்கிறது. டப்பாவிலே இன்னும் நாற்பது நெகடிவ்கள் இருக்கின்றன. அவற்றிலே இரண்டு காடி நாற்றம் வீசுகின்றன. சாரல் நின்றவுடன் அவற்றைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன்.